நிலக்கோட்டைக்கு மூன்று குப்பிகள்

சென்னை-4
ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அந்த எண்ணெய்த் தடவலை நிறுத்திவிடாதே. என் வலது கண்ணில் புரை எடுத்து ஆறு வாரம் ஆகிவிட்டது. எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இந்தக் கடிதத்தை மூக்குக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன்.

கடிதத்தின் கடைசி வரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, நான்கு நாட்களாக அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். "எங்கள் தோட்டத்து மல்லி மூட்டை மூட்டையாக எண்ணெய் ஆலைக்குப் போகிறது. அந்த எண்ணெயில் பூ இருக்கிறதா, பூவின் பெயர் மட்டும்தான் இருக்கிறதா?" வேறு எந்த மாதத்தில் கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. சரியாக இந்த மாதம் கேட்டாய்.

அக்கா மகள் வித்யா புரட்டாசியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வந்தாள். எனக்கு என்று ஒரு சின்ன அட்டைப்பெட்டி கொண்டுவந்தாள். உள்ளே பதினான்கு கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலில் பாதி. எல்லாம் வாசனை எண்ணெய்கள். பெரிய நிறுவனங்களின் சரக்கு இல்லை. ஒருவரோ இருவரோ சொந்தமாகக் கலந்து, குப்பியில் ஊற்றி, பெயர் வைத்து விற்கிறார்கள். இண்டி என்று அங்கே சொல்கிறார்கள். அவற்றில் நன்கு பெயர் பெற்றது பிளாக் பீனிக்ஸ் ஆல்கெமி லேப், 2002-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. 5 மில்லி குப்பிகளில் விற்கிறார்கள். வாங்குவதற்கு முன் முகர்ந்து பார்க்கக் குட்டிக் குப்பிகளும் உண்டு. ஒவ்வொன்றிலும் என்னென்ன மணம் என்று ஒரு பட்டியல் கூடவே வரும். அந்தப் பட்டியலைப் படிப்பது ஒன்று, தோலில் தடவிக்கொண்டு ஒரு நாள் வாழ்வது வேறொன்று. இந்த ஒரு மாதத்தில் நான் கற்றது அதைத்தான்.

ஸ்பிரேயில் ஆல்கஹால் இருக்கிறது. அது ஆவியாகும்போது மணத்தைத் தூக்கிக்கொண்டு அறை முழுவதும் பரவிவிடும். எண்ணெய் அப்படிப் போகாது. தோலோடு ஒட்டிக்கொண்டு உடம்புச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மணத்தை விடும். பக்கத்தில் வந்து உட்காருபவருக்கு மட்டும் தெரியும். சென்னைப் புழுக்கத்துக்கு இதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

விமானத்தில் அலைந்து வந்த எண்ணெயை இருட்டில் சில நாள் வைத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்றாள் வித்யா. பீரோவில் புடவைக்கு அடியில் இரண்டு வாரம் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாளைக்கு ஒரு குப்பி. குளித்துவிட்டு, காபிக்கு முன்னால், இடது மணிக்கட்டில் ஒரு சொட்டு. தேய்க்கக் கூடாது. ஐந்து நிமிடம், ஒரு மணி நேரம், மதியம், படுக்கப்போகும்போது என நான்கு முறை முகர்ந்து பார்த்து நோட்டுப்புத்தகத்தில் எழுதினேன். ஆய்வகக் குறிப்பேட்டை அழகாக எழுதுபவள் நீதான். ஆனால் இந்த நோட்டைப் பார்த்தால் நீயே மதிப்பெண் போடுவாய்.

முதலில் திறந்தது அந்தக் கடையின் ஸ்னேக் ஆயில். இந்தோனேசிய எண்ணெய்களும் வனிலா இனிப்பும் என்பதுதான் அவர்கள் தரும் விவரம். முதல் ஐந்து நிமிடம் நாட்டு மருந்துக் கடையில் ஒரே சமயத்தில் பத்து இழுப்பறைகளைத் திறந்ததுபோல் இருந்தது. கசப்பு, வேர், கொஞ்சம் கற்பூரம். ஒரு மணி நேரத்தில் வனிலா மேலே வந்து அதையெல்லாம் மூடியது. மதியத்துக்கு மேல் அடியிலிருந்து ஒரு ஈரமான, இருட்டான மணம் எழுந்தது. பச்சௌலி என்ற வாசனை இலையாக இருக்க வேண்டும் என்று என் மூக்கு சொன்னது. அந்தச் சொல்லே தமிழிலிருந்து போனது என்று ஆங்கில அகராதிகள் சொல்கின்றன, தெரியுமா? வெட்டிவேரும் அப்படித்தான், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் வெட்டிவர் ஆகிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைப் பூச்சி அரிக்காமலிருக்க பச்சௌலி இலை வைத்துக் கப்பலில் அனுப்பினார்கள். ஐரோப்பியப் பெண்களுக்கு அந்த இலை மணம்தான் அசல் சால்வைக்கு அடையாளமாக இருந்தது.

ஒரு குப்பியில் வெட்டிவேர் என்று எழுதியிருந்தது. ஹைட்டி நாட்டு வேர். சுத்தமாக, மெலிதாக, ஏறக்குறைய எலுமிச்சைத் தோல் கலந்ததுபோல் இருந்தது. ஜாவா வேர் புகை மணத்தோடு இருக்கும் என்கிறார்கள். எனக்கோ இரண்டும் வேண்டாம். கடலூர்ப் பக்கத்து மணலில் விளைந்த வேரை மண்பானைத் தண்ணீரில் போட்டு, இரண்டாம் நாள் முகர்ந்தால் வருமே, அதுதான் வேண்டும். அதில் பானையும் சேர்ந்து மணக்கிறது. குப்பிக்காரர்களிடம் பானை இல்லை.

அம்பர் என்று எழுதிய குப்பியைப் பற்றி வித்யாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். மரப்பிசின் கல்லாகிப் போன அம்பர் என்று அவள் நினைத்திருந்தாள். வாசனைக்காரர்கள் சொல்லும் அம்பரோ ஒரு கலவை. லாப்டனம் என்ற பிசின், வனிலா, அதோடு பென்சாயின். பென்சாயின் என்றால் வேறொன்றுமில்லை, நம் சாம்பிராணி. தடவிக்கொண்ட உடனேயே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. தலைக்குக் குளித்து, கூந்தலை விரித்துக் கூடை மேல் போட்டு, கீழே தணலில் சாம்பிராணி. அம்மா முடியைக் கோதிக்கொண்டே பாடுவாள். அந்தக் குப்பியைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் போட்டுப் பழக்கிவிட்டால் அம்மா அதிலிருந்து போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

மரிக்கொழுந்து எண்ணெய் கலந்த ஒன்று இருந்தது, அவர்கள் டவானா என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறி மணக்கும் என்று அதற்கு ஒரு பெயர் உண்டு. நம்பவில்லை, எனவே ஒரே குப்பியிலிருந்து எனக்கு ஒரு சொட்டு, வித்யாவுக்கு ஒரு சொட்டு. அரை மணி நேரம் கழித்து மாற்றி மாற்றி முகர்ந்தோம். என் கையில் நன்றாகக் கனிந்த பேரீச்சை. அவள் கையில் பூக்காரி கதம்பத்தில் வைத்துக் கட்டும் அந்தப் பச்சைத் தழை, அப்படியே. இரண்டு பேரும் ஒரே வீட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தோம், ஒரே சோப்பு. தோல் மட்டும்தான் வேறு. கேக், மிட்டாய், கருகிய சர்க்கரை என்று நான்கு குப்பிகள் இருந்தன. அவற்றை வித்யாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐப்பசியிலேயே திகட்டுகிறது என்றால் சித்திரையில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

இப்போது மழைக்கு வருகிறேன். இன்றும் இங்கே மழைதான். லஸ் முனையில் மெட்ரோ வேலைத் தடுப்புகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கிறது. மழை என்று பெயரிட்ட குப்பியை நான் மிகவும் ஆசையோடு திறந்தேன். குளிர்ந்த கண்ணாடி, கழுவிய தகரம், எங்கோ ஒரு வெள்ளரிக்காய். குளிர் நாட்டில் ஏற்கெனவே நனைந்திருக்கும் தெருவில் மேலும் பெய்யும் மழை அது. அதைக் கலந்தவருக்கு அது உண்மையான மழையாகத்தான் இருக்கும். நம் மழைக்கு முன்னால் வெயில் வேண்டும். மொட்டை மாடித் தளம் கால் வைக்க முடியாமல் கொதித்திருக்க வேண்டும்.

மனம் ஆறவில்லை. மறுநாளே திருவல்லிக்கேணிக்கு, வாலாஜா பள்ளிவாசல் பக்கம் இருக்கும் ஓர் அத்தர் கடைக்குப் போனேன். மண் அத்தர் வேண்டும் என்றேன். கடைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து என் புறங்கையில் ஒரு கோடு இழுத்தார். "உடனே முகராதீங்கம்மா, தெரு முனை வரைக்கும் நடந்துட்டு வாங்க" என்றார். நடந்தேன். பார்த்தசாரதி கோயில் குளம் வரை போய்விட்டேன். ஜெயா, கையைத் தூக்கி முகர்ந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனி மாதம், மொட்டை மாடி, முதல் தூறல், வடகம் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடும் பாட்டி.

உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊரில் இதைச் செய்கிறார்கள். அரைவேக்காடாகச் சுட்ட களிமண் துண்டுகளைச் செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, விறகு எரிக்கிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக இன்னொரு செம்புப் பாத்திரத்துக்குப் போகிறது. அந்தப் பாத்திரம் தண்ணீரில் மூழ்கியிருக்கும், அதற்குள் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண்ணின் மணத்தைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்கிறது. சந்தனத்தின் விலை ஏறியதால் இப்போது பல அத்தர்களில் மணமில்லாத வேறு திரவத்தை ஊற்றுகிறார்கள். பெரியவர் இரண்டையும் காட்டி, விலையையும் சொல்லி, என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். சந்தனத்தில் செய்ததையே, மிகச் சிறிய அளவில், வாங்கினேன்.

1964-இல் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இந்த மணத்தை ஆராய்ந்து பெட்ரிகோர் என்று பெயரிட்டார்கள். கிரேக்கச் சொற்கள், கல்லும் தேவர்களின் உடலில் ஓடும் திரவமும். அந்தக் கட்டுரையிலேயே இந்தியாவின் மண் அத்தரைப் பற்றிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மண்வாசனை என்ற சொல்லை வைத்திருப்பவர்களுக்குப் புதுப்பெயர் தேவைப்படவில்லை. எனினும் அவர்கள் நம் ஊர்க் கொதிகலனை மறக்காமல் எழுதியது எனக்குச் சந்தோஷம்.

சரி, உன் மல்லி.

மல்லிகை என்று எழுதிய குப்பிகள் மூன்று. முதலாவது முகப்பவுடர். இரண்டாவது நன்றாகத்தான் இருந்தது, சீனாக்காரர்கள் மல்லிகை போட்டுக் குடிக்கும் தேநீர்போல, பச்சையாக, தண்ணீராக. மூன்றாவதைத் தடவியதும் திடுக்கிட்டேன். அந்துருண்டை! பீரோவைத் திறந்ததுபோல் அடித்தது. முப்பது வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவளுக்கு அது என்ன என்று தெரியாதா? இண்டோல். மல்லிகையில் இயற்கையாகவே இருக்கிறது. துளி இருந்தால் பூ, கூடினால் அந்துருண்டை, இன்னும் கூடினால் சொல்லவே வேண்டாம். நாற்றம் என்ற சொல் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்ததே, அந்தக் காலத்து ஆட்களுக்கு மல்லிகையை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கழுவிவிடலாம் என்று எழுந்தேன். ஏனோ கழுவவில்லை, அப்படியே படுத்துவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மணிக்கட்டு கன்னத்துக்குக் கீழே இருந்தது. ஒரு கணம் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை. ராணி மேரி கல்லூரி விடுதி அறை, 1984. ஜன்னலுக்கு அப்பால் கடல். வாசலில் பூக்காரம்மாவிடம் ஆளுக்கு ஒரு முழம் வாங்கி, கழற்றாமலே தூங்கிவிட்டு, காலையில் பழுப்பாகிப் போன சரத்தை நீ எடுத்து ஜன்னல் கம்பியில் சுற்றி வைப்பாயே, தலையணையில் மிச்சம் இருக்குமே, அந்த மணம். இனிப்பும் எண்ணெயும் கொஞ்சம் வியர்வையும் வாடலும். அப்படியே அது.

அதன் பிறகுதான் உன் தோட்டத்துக்கு வந்திருந்த அந்த அதிகாலை ஞாபகம் வந்தது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு கைப்பிடி மொட்டை அள்ளி முகர்ந்து, "என்ன, மணமே இல்லையே" என்றேன். "சாயங்காலம் வரை பொறு" என்றாய். மல்லி பறித்த பிறகும் உயிரோடு இருந்து, மொட்டு அவிழ்ந்து, இரவெல்லாம் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் குண்டுமல்லியை மாலையில் மலரவிட்டு ஆலையில் இரவில் எடுக்கிறார்கள். நீராவியில் வேகவைத்தால் அந்த மணம் கெட்டுவிடும். நாம் ஆய்வகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு பயன்படுத்திய அதே ஹெக்சேன் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகோடு சேர்த்து எடுத்து, பிறகு ஆல்கஹாலில் கழுவிப் பிரிக்கிறார்கள்.

ஆகவே உன் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்தது இது. நீ மூட்டை கட்டும்போது இருக்கும் பூ அந்த எண்ணெயில் இல்லை. நீ அனுப்பிவிட்டுத் தூங்கும் நேரத்தில் அது என்ன ஆகிறதோ அது இருக்கிறது. முகப்பவுடர் குப்பியில் பெயர் மட்டும்தான். மூன்றாவதில் இருப்பது பூவின் இரவு. என் மூக்கு அப்படித்தான் சொல்கிறது, ஆனால் தினமும் மல்லியோடு வாழ்பவள் நீ. உன் மூக்குதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வித்யா அடுத்த வாரம் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். நிலக்கோட்டைக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். அவள் கையில் மூன்று குப்பிகள் கொடுத்து அனுப்புகிறேன். அந்த மூன்றாவது மல்லி, சாம்பிராணி அம்பர், மண் அத்தர். மண் அத்தரை அண்ணனுக்குக் கொடு. என் வணக்கத்தையும் சொல். மண்ணைக் கையில் எடுத்தே மழை எப்போது வரும் என்று சொல்பவர், அவர் என்ன சொல்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மல்லியை மட்டும் நான் சொல்கிறபடி போட்டுப் பார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு சொட்டு. அந்துருண்டை அடிக்கும், பயப்படாதே, கழுவாதே. விடியற்காலையில் பறிக்கும் பெண்களோடு தோட்டத்துக்குப் போ. ஒரு கையில் மொட்டு, இன்னொரு கையில் எண்ணெய், இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு அன்றைக்கே எனக்கு எழுது. பறிக்கும் பெண்களிடமும் கையை நீட்டி என்ன மணம் என்று கேள். அவர்கள் சொல்லும் சொல்லை மாற்றாமல் அப்படியே எழுது.

மூடியை இறுக்கமாகத் திருகி வை. குப்பியில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு சொட்டுதான்.

அன்புடன்,
உன் மீனா