எலி வந்த வழி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார் என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் கடைசிப் பத்தி என்னைத் தூங்கவிடவில்லை. கூண்டுக்குள் எலி புகுந்து கினிப்பன்றியின் காலைக் கடித்திருக்கிறது என்கிறாயே, முதலில் அதை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போ. எலிப்பல் பட்ட காயம் வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே சீழ் கோத்துவிடும்.

போன வருஷம் எனக்கு நேர்ந்ததை உனக்கு நான் எழுதவே இல்லை. வெள்ளை முயல் ஆறு குட்டி போட்டிருந்தது. கண் திறக்கவில்லை, முடிகூட முளைக்கவில்லை. தாய் தன் ரோமத்தைப் பிடுங்கி மெத்தைபோலப் போர்த்தி வைத்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் அந்த ரோமத்துக்குள் கை வைத்தேன், சில்லென்று இருந்தது. ஒரு குட்டிகூட இல்லை. தாய்முயல் குட்டிகளை அணைத்துக்கொண்டு படுத்திருக்காது. நாளுக்கு ஓரிரு முறை, சில நிமிஷம் பால் கொடுத்துவிட்டு விலகிவிடும். எலிக்கு அந்த நேரம் போதும். கூண்டுக்குக் கோழி வலைதான், அந்த மெல்லிய கம்பி வலைதான், அடித்திருந்தேன். மூலையில் கம்பி அறுந்து உள்பக்கமாக மடங்கியிருந்தது. இரண்டு விரல் நுழையும் ஓட்டை, அவ்வளவுதான். இதை எழுதும்போதும் கை கனக்கிறது.

அதனால் கோழி வலையை நம்பாதே. எலிக்கு 2 செ.மீ. இடைவெளி தாராளம். ஓட்டை 13 மி.மீ.க்கு மேல் போகாத, கனமான வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை) வாங்கு. சுண்டெலியும் வருகிறதென்றால் 6 மி.மீ. வேண்டும். பக்கங்களுக்கு மட்டும் அடித்தால் பயனில்லை, எலி அடியில் தோண்டி வரும். தரைப்பலகைக்குக் கீழேயும் வலை அடி. பலகைக்கு மேலே போடாதே, கம்பியிலேயே நின்றால் முயலுக்குப் பாதம் புண்ணாகிவிடும். செல்லங்கள் ஓடியாட மண்மேல் வைத்த அடைப்பு என்றால் சுற்றிலும் வலையை வெளிப்பக்கமாக 30 செ.மீ. மடித்துப் புதைத்துவிடு. கூண்டைக் கால் வைத்து உயர்த்தி, அடியில் வெளிச்சம் படும்படி விடு. இருட்டும் குப்பையும் சேர்ந்தால்தான் எலி அங்கே வளை தோண்டும்.

இரவில் சாப்பாட்டை முழுக்க எடுத்துவிடுவதாக எழுதியிருந்தாய். இதில் மட்டும் நான் சொல்வதைக் கேள். பெல்லட்டையும் (குச்சிக் குச்சியாக அழுத்திச் செய்த தீவனம்) மிச்சக் கீரை காய்களையும் எடு, சிந்தியதைக் கூட்டு, தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வை. உலர்புல்லை மட்டும் எடுக்காதே. முயலுக்கும் கினிப்பன்றிக்கும் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரவெல்லாம் பட்டினி போட்டால் குடல் நின்றுபோய் உயிருக்கே ஆபத்து. எலி புல்லைத் தேடி வருவதில்லை, தானியத்தைத் தேடித்தான் வருகிறது. புல்லில் கூடு கட்டப் பார்க்கும், தினமும் ஒருமுறை கிளறிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

புழுக்கையையும் கவனி. முயலுடையது உருண்டை, குழப்பம் வராது. கினிப்பன்றியுடையது நீள்வட்டம் என்பதால் எலியுடையதோடு கலந்து தெரியும். சில எலிகளின் புழுக்கைக்கு முனை கூர்ந்திருக்கும். சந்தேகமிருந்தால் ராத்திரி சுவரோரமாகக் கொஞ்சம் மாவு தூவி வை, காலையில் தடம் சொல்லிவிடும்.

எலிமருந்து வேண்டவே வேண்டாம். அது தானியத்தில் கலந்து வருவது, உன் செல்லங்களும் தின்னும். எலியே அதைக் கவ்விக்கொண்டு வந்து கூண்டுப் பக்கம் போட்டுவிடும். மருந்து தின்ற எலியைப் பிடிக்கிற பூனையும் ஆந்தையும் சேர்ந்து சாகும். பொறி வை, ஆனால் முயல் மூக்கு நுழைக்க முடியாதபடி ஒரு பெட்டிக்குள் வை. புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கிப் போகும், எனவே முதல் சில நாள் பொறியை ஏற்றாமல் இரை மட்டும் போடு. ஒலி எழுப்பி எலியை விரட்டும் கருவியும் வேண்டாம். நமக்குக் கேட்காத அந்தச் சத்தம் கினிப்பன்றிக்குக் கேட்கும், பாவம்.

கூண்டைக் கழுவும்போது கையுறை போட்டுக்கொள். காய்ந்ததை அப்படியே பெருக்காதே, கிருமிநீக்கி தெளித்து ஈரமாக்கிவிட்டுத் துடை. எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும். உனக்கும் அம்மாவுக்கும் அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். வலை வெட்டும் கத்தரி என்னிடம் இருக்கிறது, கூண்டின் நீள அகலத்தை மட்டும் அளந்து எழுதி அனுப்பு. அதுவரை ராத்திரியில் இரண்டு கினிப்பன்றிகளையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்.

உன் பழைய தோழி