மன்னிப்பு கொடுத்தால் வாயும் மூடிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒரு அன்பர் எழுதியிருந்தார். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது, இனியும் ஆமிக்காரர்களைக் கூண்டில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருப்பது வீண் வேலை, அதிலும் சம்பளப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்று ஆயிரம் இருக்கிற மலையகத்தவர்களுக்குத் தேவையே இல்லாத வேலை என்று. சம்பளமும் வீடும் பிரச்சினைதான், லயத்தில் பிறந்தவனுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் மற்றதை அப்படியே விட மனம் வரவில்லை. இரவு ஹயர் முடித்து வந்து உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பண்டாரவளையில் பதினாறு வருடமாக த்ரீவீல் ஓட்டுகிறேன். எனக்கு வருகிற ஹயரில் பாதி தியத்தலாவை முகாம் பக்கம்தான். மகன் பயிற்சி முடித்து வெளியேறும் நாளுக்குக் குருநாகலிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் தாய்தகப்பன் வருவார்கள், கையில் கொக்கிஸ் டின், சேலை மடிப்புக் கலையாமல் பின்சீட்டில் நிமிர்ந்தபடியே உட்கார்ந்து வருவார்கள். இறங்கும்போது எனக்கும் இரண்டு கொக்கிஸ் கொடுக்காமல் போனவர்கள் குறைவு. ஆகவே சீருடையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிற ஆள் நான் இல்லை.

அன்பர் சொல்கிறார், அது வடக்குக் கிழக்கின் கதை என்று. 77 கலவரத்துக்குப் பிறகு இங்கே இருக்க முடியாமல் வன்னிக்குப் போனவர்கள் யார்? என் அத்தை குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்துக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. அப்படிப் போன தோட்டத்துக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். 2009 இல் அந்தக் குடும்பங்களும்தான் இடம் விட்டு இடம் ஓடி, பங்கர் வெட்டி, கடைசியில் முள்ளிவாய்க்கால் மணலில் போய் நின்றன. அத்தையின் கடைசி மகன் ஷெல் விழுந்து செத்தான். இரண்டு வருடம் கழித்து எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு அத்தை வந்தபோது ஒரு பொலித்தீன் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. உள்ளே என்னவென்று அம்மா கேட்டதற்கு எடுத்துக் காட்டினார்: மகனுடைய சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை. அவ்வளவுதான். அந்த ஷெல் எங்கிருந்து வந்தது, அன்றைக்கு அந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று இன்றுவரை யாரும் வந்து அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சரி, வன்னியை விடுங்கள். என் ஸ்டாண்டிலிருந்து சில நிமிடத்தில் போய்விடக்கூடிய தூரம் பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25, புனர்வாழ்வு முகாமில் அரசின் பொறுப்பில் இருந்த தமிழ் இளைஞர்களைக் கும்பல் புகுந்து வெட்டியும் எரித்தும் கொன்றது, இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். காவலுக்கு நின்ற பொலிஸார் சுமார் 60 பேர், கையில் துவக்கோடு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில், அன்று அப்பா எங்களை லயத்து வாசலைத் தாண்ட விடவில்லை. பிறகு வழக்கு நடந்தது, 2003 இல் இரண்டு பொலிஸ்காரர் உட்பட ஐந்து பேருக்கு மரணதண்டனை, 2005 இல் உயர் நீதிமன்றத்தில் எஞ்சியிருந்தவர்களும் விடுதலை. இன்றைக்கும் அந்த வழியாக ஹயர் போனால் சத்தமில்லாமல் கடந்துபோகிறோம். அங்கே கொன்றது ஆமி இல்லை, கும்பல், அது எனக்கும் தெரியும். ஆனால் சீருடை போட்டவனுக்குப் பதில் சொல்லும் கடமை உண்டா இல்லையா என்ற கேள்வி ஒன்றுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜெனிவா, சர்வதேச விசாரணை எல்லாம் பெரிய மனிதர்கள் பேசட்டும். நம் நாட்டு நீதிமன்றமே விசாரித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தீர்ப்புச் சொன்ன வழக்கு என்ன ஆனது? யாழ்ப்பாணத்து மிருசுவில் கிராமத்தின் வழக்கு. 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்து உடுப்பிட்டிப் பக்கம் இருந்தவர்கள் தங்கள் வீடு வாசலைப் பார்க்கவும் விறகு பொறுக்கவும் ஊருக்குப் போனார்கள். அவர்களில் எட்டுப் பேரை ஆமிக்காரர்கள் கழுத்தை அறுத்து மலக்குழியில் போட்டார்கள். அதில் ஒன்று 5 வயதுக் குழந்தை. ஒருவர் தப்பி ஓடி வந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. பதினான்கு வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2015 ஜூனில் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரணதண்டனை, கூடக் குற்றம் சாட்டப்பட்ட நால்வர் விடுதலை. 2019 இல் உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதியரசர்கள் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தார்கள். (இந்த நாட்டில் 1976 க்குப் பிறகு யாரையும் தூக்கில் போட்டதில்லை, ஆகவே மரணதண்டனை என்றால் சிறையில் இருப்பதுதான். தூக்கில் போடு என்று நானும் கேட்கவில்லை.) ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2020 மார்ச் 26, நாடே கொரோனா ஊரடங்கில் கிடக்கிறது, வண்டியை ரெக்சின் போட்டு மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அந்த ஆளுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்துவிட்டார் என்று செய்தி.

ஜனாதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, அரசியலமைப்பின் 34 ஆம் உறுப்புரை. ஆனால் மரணதண்டனைக் கைதி என்றால் முதலில் விளங்கிய நீதிபதியிடம் அறிக்கை கேட்க வேண்டும், அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்குப் போக வேண்டும், பிறகு நீதி அமைச்சர் வழியாக வர வேண்டும் என்று அதே உறுப்புரைதான் சொல்கிறது. 2024 இல் உயர் நீதிமன்றம் இரண்டு மன்னிப்புகளை ரத்துச் செய்தது: கொலை வழக்கில் மரணதண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்குக் கொடுத்தது, ரோயல் பார்க் கொலை வழக்குக் கைதிக்குக் கொடுத்தது. இரண்டிலும் செத்தவர்கள் கொழும்புப் பக்கத்தில் பெயர் தெரிந்தவர்கள். மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் மனுப் போட்டார்கள். விறகு பொறுக்கப் போனவனின் உயிருக்கும் அதே தராசுதானா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஸ்டாண்டில் ஒருவர் இருக்கிறார், காலில் காயத்தோடு ஆமியிலிருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை அய்யே (அண்ணன்) என்பேன், அவர் என்னை மல்லி (தம்பி) என்பார். மழை நாளில் ஹயர் இல்லாவிட்டால் பிளேன்டீயை வைத்துக்கொண்டு இதைத்தான் பேசுவோம், சில நாள் சண்டையிலும் முடியும். புலிகள் கொல்லவில்லையா என்று கேட்பார். கொன்றார்கள், 1990 இல் கிழக்கில் சரணடைந்த பொலிஸாரை நூற்றுக்கணக்கில் கொன்றார்கள், காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள், அதற்கும் பதில் வேண்டும், யார் வேண்டாம் என்றது? அமெரிக்காக்காரன் செய்யாததா என்பார். செய்தான். 1968 இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் ஊரையே கொன்றார்கள், தண்டனை கிடைத்தது கெலி என்ற ஒரே லெப்டினனுக்கு, அவனும் பெரும்பாலும் வீட்டுக்காவலில் சில வருடம் இருந்துவிட்டு வெளியே வந்தான். அவனைச் சொல்லி இவனை விடச் சொல்வது என்ன நியாயம் என்றேன். அதற்கு அய்யே சிரித்துவிட்டார்.

ஆனால் ஒரு நாள் மனம்பேரி பெயரை எடுத்ததும் அவர் சிரிக்கவில்லை. நம் ஆட்கள் வருடாவருடம் காவடி எடுத்துப் போகிற அதே கதிர்காமத்தில், 1971 ஏப்ரலில் பிரேமவதி மனம்பேரி என்ற சிங்களப் பெண்ணை ஆமிக்காரர்கள் தெருவில் நடக்கவிட்டுச் சுட்டார்கள். லெப்டினன் ஒருவருக்கும் சார்ஜன்ட் ஒருவருக்கும் 16 வருடக் கடூழியச் சிறை கொடுத்தது இதே நாட்டு நீதிமன்றம். அப்போது அவர்களை ரணவிரு, அதாவது போர் வீரன், என்று யாரும் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லையே என்றேன். அய்யே கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துவிட்டு, "நானும் ரணவிரு, அந்த மிருசுவில்காரனும் ரணவிரு என்றால் எனக்கு என்ன மரியாதை மல்லி" என்றார்.

நான் இன்னொன்றும் யோசிப்பேன். ஒரு சிப்பாயைத் தண்டித்தால் அவன் வாய் திறக்கிறான். 1996 இல் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடியில் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற மாணவியையும், தேடிப் போன தாய், தம்பி, அயலவரையும் கொன்ற வழக்கில், 1998 இல் தண்டனை வாசித்தபோது லான்ஸ் கோப்ரல் சோமரத்ன ராஜபக்ஷ நீதிமன்றத்திலேயே சொன்னான், செம்மணியில் முந்நூறு நானூறு உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று. 1999 இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்துவிட்டு மூடினார்கள். 2025 இல் அதே செம்மணிப் பக்கம் சித்துப்பாத்தி மயானத்தில், வேறு கட்டிட வேலைக்கு மண் வெட்டப் போய், 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள், குழந்தைகளுடையதும் சேர்த்து. மேலே இருந்தவன் யார், கட்டளை யார் என்பதெல்லாம் கீழே மாட்டிக்கொண்டவன் பேசினால்தான் வெளியே வரும். மாட்டிக்கொண்டவனுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினால் அவன் எதற்குப் பேசப்போகிறான்? மன்னிப்பைக் கண்டு மேலே இருப்பவர்கள் நிம்மதியாக மூச்சு விடுவது இதனால்தான் என்று எனக்குப் படுகிறது.

குமாரபுரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. 1996 பெப்ரவரியில் மூதூர்ப் பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது வருடம் கழித்து 2016 இல் அநுராதபுரத்தில் ஜூரி முன்னால், குற்றம் சாட்டப்பட்ட ஆமி கோப்ரல்கள் ஆறு பேரும் விடுதலை. அந்தச் சனம் தம் ஊரை விட்டு அவ்வளவு தூரம் போய், தமக்குத் தெரியாத மொழியில் நடந்த வழக்கில் சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் ஐயா. இந்த மாதிரி வழக்குத் தவணைச் செய்திகள் உங்கள் பத்திரிகையில் ஏழாம் பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்கு மேலே, தீப்பெட்டி அளவில் வருகின்றன. கொஞ்சம் முன்னுக்குப் போடுங்கள். தர்மபுரத்தில் அத்தை இன்னும் பேப்பர் வாசிக்கிறார், ஆனால் இப்போது கண் சரியில்லை, சின்ன எழுத்து தெரிவதில்லை.

இப்படிக்கு,
த்ரீவீல் சாரதி ஒருவர்,
பண்டாரவளை.