மாண்ட்கமரியில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கூட வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை தங்கள் சர்ச்சுக்குக் கூப்பிட்டார், போகலாமா என்று அம்மாவிடம் கேட்டாயாம். தாராளமாகப் போய் வா. ஆனால் கறுப்பின மக்களின் அந்தச் சர்ச் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொண்டு போ.

சர்வீஸ் முழுக்க பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் நான். அதனாலேயே, நீ அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் அந்த ஊருக்குப் போனதிலிருந்து அங்கே நடந்த பஸ் புறக்கணிப்பைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். கறுப்பின மக்கள் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டுமாம். அவர்கள் பின்னால் வருவதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டாம். காசை வாங்கிக்கொண்டு ஒருவரை நடுரோட்டில் விட்டுப்போவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ மறுத்த கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸ் கைதானது 1955 டிசம்பர் 1. ஐந்தாம் தேதி இரவு ஹோல்ட் ஸ்ட்ரீட் பாப்டிஸ்ட் சர்ச்சில் ஆயிரக்கணக்கானோர் கூடி, இனி பஸ் ஏறுவதில்லை என்று நின்றார்கள். 381 நாள்! ஒருநாள் ஸ்டிரைக்குக்கே ஜனம் படும் பாடு எனக்குத் தெரியும். பலர் நடந்தார்கள். மற்றவர்களுக்காக ஸ்டேஷன் வேகன்கள் ஓடின, சர்ச்சுகளின் பெயரில் பதிவான வண்டிகள். எதிர்த்தவர்கள் இன்சூரன்ஸை ரத்து செய்யவைத்து அவற்றை நிறுத்தப் பார்த்தார்கள். இவர்கள் லண்டனிலிருந்து இன்சூரன்ஸ் வாங்கி ஓட்டினார்கள்.

அப்புறம் பெட்ரோலுக்குப் பணம்? ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்கார அம்மா. புறக்கணிப்பு வழக்கில் கோர்ட்டில் சாட்சி சொன்ன பிறகு அவருடைய ஓட்டல் வேலை போயிற்று. அவரும் தோழிகளும் கோழி பொரித்து, கேக் சுட்டு விற்று, அந்தப் பணத்தைச் சர்ச் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். யார் தந்தது என்று கேட்டால், "எங்கிருந்தும் வரவில்லை" என்பார்களாம். பெயர் வெளியே தெரிந்தால் அந்தப் பெண்களின் வேலைக்கு ஆபத்து.

வேலை, கடன், போலீஸ், கோர்ட் எல்லாமே வெள்ளையர் கையில் இருந்த ஊர் அது. சர்ச்தான் கறுப்பின மக்கள் காசு போட்டுக் கட்டிய, இவர்களுக்கே சொந்தமான இடம். பாஸ்டருக்குச் சம்பளமும் இவர்களே கொடுத்ததால் வெளியாள் யாரும் அவரை வேலையிலிருந்து தூக்க முடியாது. இந்த வழி பழையது. அடிமையாகப் பிறந்து, தன் விடுதலையைக் காசு கொடுத்து வாங்கிய ரிச்சர்டு ஆலன், வெள்ளையர் சர்ச்சில் முழங்காலிட்டு ஜெபித்தவர்களைக்கூட இழுத்து எழுப்பியதைக் கண்டு வெளியேறியவர். 1794இலேயே பிலடெல்பியாவில் தனி சர்ச் தொடங்கினார்.

1956 டிசம்பரில் பஸ்ஸில் சம இடம் கிடைத்தது. அடுத்த மாதமே மாண்ட்கமரியில் நான்கு சர்ச்சுகளில் குண்டு வெடித்தது. பலம் எங்கே இருக்கிறது என்று எதிரிக்கும் தெரிந்திருக்கிறது.

நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு போ. ஆராதனை நீண்டாலும் பாதியில் எழுந்து வராதே. சாப்பிடச் சொன்னால் உட்கார்ந்து சாப்பிடு. எண்பதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடு. அந்த நாளில் அவர்கள் சின்னப் பிள்ளைகள். வீட்டார் எங்கே நின்று வண்டி ஏறினார்கள், ஓட்டியது யார் என்று கேள். அவர்கள் சொல்வதை எனக்கு ஒன்றுவிடாமல் எழுது.

அன்புடன்,
அப்பா