குழந்தைங்க படத்துக்கு ரெண்டு வரி பத்தாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல குழந்தைங்க படத்துக்கு எப்பவும் ரெண்டே வரிதான் வருது, அதுவும் "குடும்பத்தோட பாக்கலாம்"னு முடிஞ்சுடுது. அதப் பத்தித்தான் எழுதுறேன்.

போன வாரம் என் பொண்ணுக்காக டாய் ஸ்டோரி 2 போட்டேன். 1999ல வந்த பிக்ஸார் கம்பெனியோட அனிமேஷன் படம், யாரும் பாக்காதப்போ பொம்மைங்க உசுரோட நடமாடுற கதை. நான் அத ஸ்கூல் லீவுல மாமா வீட்டுல விசிடில பாத்தது, இங்கிலீஷ் ஒண்ணும் புரியாது, ஆனா பொம்மைங்க எல்லாம் ரோட்டுல வைக்கிற ஆரஞ்சு கூம்புக்குள்ள ஒளிஞ்சுகிட்டு டிராஃபிக்க கடக்குற சீன மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாப்போம். ஜெஸ்ஸிங்கிற பொம்மையோட பாட்டு வந்தா போர் அடிக்குதுன்னு தள்ளி விட்ருவோம்.

இந்தத் தடவ அந்தப் பாட்ட தள்ள முடியல சார். எமிலின்னு ஒரு பொண்ணு, அவளுக்கு ஜெஸ்ஸின்னா உசுரு, அப்புறம் அவ வளர்றா, நெயில் பாலிஷ், ஃபோன், ஃப்ரெண்ட்ஸ்னு ஆயிடுது, பொம்மை கட்டிலுக்கு அடில கிடக்குது. ஒருநாள் எடுத்து கார்ல கூட்டிட்டுப் போறா. மறுபடி விளையாடத்தான் போறோம்னு ஜெஸ்ஸி நினைக்கிறா, ஆனா ரோட்டோரம் தானமா குடுக்குற பொருள் போடுற பெட்டில விட்டுட்டுப் போயிடுறா. ராண்டி நியூமன் எழுதி சாரா மெக்லாக்லன் பாடின பாட்டு, ஆஸ்கர் நாமினேஷன் வரைக்கும் போச்சு. என் பொண்ணு கேட்டா, "அம்மா, அந்த அக்கா கெட்டவளா?" இல்லடா, பெரியவளாயிட்டா, அவ்ளோதான்னு சொன்னேன். அவ ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அதவிட எனக்கு ஆச்சரியம் ஸ்டிங்கி பீட்ங்கிற தாத்தா பொம்மை. சின்ன வயசுல அவர் வெறும் வில்லன்தான். இப்பப் பாத்தா, அவர ஒரு குழந்தை கூட வாங்கினதே இல்ல, டப்பா பிரிக்காமலே கடை அலமாரில உக்காந்து மத்த பொம்மைங்க எல்லாம் வித்துப் போறதப் பாத்துகிட்டே இருந்தவர். அந்தக் கோவத்துல நியாயம் இருக்கு, அதுக்காக மத்தவங்களையும் ஜப்பான் மியூசியம் கண்ணாடிக்குள்ள பூட்ட நினைச்சதுதான் தப்பு. கண்ணாடிக்குள்ள போனா காலத்துக்கும் பத்திரம், தன்ன வச்சு விளையாடுற பையன் ஆண்டி கிட்ட திரும்பப் போனா அவன் ஒருநாள் வளந்துடுவான், இது தெரிஞ்சேதான் கதாநாயக பொம்மை வுட்டி வீட்டுக்குப் போறான். ஆண்டி வளர மாட்டான்னு படம் எங்கயும் பொய் சொல்லல. எனக்கு இந்தப் படத்து மேல இருக்கிற மரியாதையே அதுக்குத்தான்.

ரெண்டாம் பாகம்னாலே காசுக்குத்தான்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. இத மொதல்ல தியேட்டருக்கே இல்லாம வீடியோ கேசட்டுக்குத்தான் எடுக்க ஆரம்பிச்சாங்க. 1998ல யாரோ தப்பா ஒரு கமாண்ட் அடிச்சு படத்தோட பெரும்பகுதி அழிஞ்சு போச்சு, பேக்கப்பும் வேல செய்யல. கேலின் சஸ்மன்னு டீம்ல இருந்த அம்மா, கைக்குழந்தை இருந்ததால வீட்டுல இருந்து வேல பாக்க ஒரு காப்பி வச்சிருந்தாங்க, அதுலதான் படம் பொழச்சுது. அதுக்கப்புறமும் கதை சரியில்லன்னு கிட்டத்தட்ட ஒம்பதே மாசத்துல மாத்தி எடுத்தாங்க. டீம்ல மூணுல ஒரு பங்கு பேருக்கு கை மணிக்கட்டு வலி மாதிரி பிரச்சன வந்துச்சுன்னு பிக்ஸார ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான எட் கேட்மல் அவரே எழுதியிருக்கார், தூக்கமில்லாத ஒருத்தர் குழந்தைய காப்பகத்துல விட மறந்து கார்லயே விட்டுட்டாராம், நல்லவேளை காப்பாத்திட்டாங்க. குழந்தைங்களுக்குன்னு எடுத்த படத்துக்கு இந்த விலை குடுத்திருக்கவே கூடாது. அதப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. படத்தக் காப்பாத்தின அதே கேலின் சஸ்மன 2023ல பிக்ஸார் ஆட்குறைப்புல அனுப்பிட்டாங்கன்னும் செய்தி வந்துச்சு.

ரெண்டு வரில இதுல எத எழுத முடியும் சொல்லுங்க? வாரம் ஒரு பழைய குழந்தைங்க படம், அரைப் பத்தி போதும். யார் எடுத்தாங்க, கதைல என்ன இருக்கு, எந்த சீன்ல குழந்தை அழும், அப்ப பக்கத்துல உக்காரணுமான்னு போடுங்க. எங்க வீட்டுல நான் அடுப்ப பாக்க எழுந்திருக்க இருந்தேன், தற்செயலாத்தான் உக்காந்தேன். முழுப்பரீட்சை லீவுக்கு முன்னாடி ஆரம்பிச்சீங்கன்னா என்ன மாதிரி அம்மாக்களுக்கு உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை