பூ மழை தவறியதற்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலநிலை மாற்றம் பற்றிய செய்திகளில் பனிப்பாறைகள் உருகுவதற்கும் கடல் மட்டம் உயர்வதற்கும் கிடைக்கும் இடம், மழை தப்பிய மலைத் தோட்டங்களுக்கும் வெயிலால் வேலை இழக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் கிடைப்பதில்லை. இந்த மாற்றத்தின் சுமை உலகில் எவ்வளவு அநியாயமாகப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைச் சேலத்தை அடுத்து ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலேயே காணலாம்.

ஏற்காட்டில் காப்பி பயிரிடத் தொடங்கி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகின்றன. அங்கே வளரும் அராபிகா வகை, மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெய்யும் பூ மழையை நம்பி நிற்கிறது. அந்த மழை உரிய காலத்தில் பெய்தால் மொட்டுகள் ஒருசேர விரியும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை கிடைத்தால் பிஞ்சு நிலைக்கும். மழை போதாமல் போனால் மொட்டுகள் கருகிவிடுகின்றன. விட்டுவிட்டுப் பெய்தால் பூப்பதும் பல தவணைகளாகி, ஒரே செடியில் பழமும் காயும் கலந்து நிற்பதால் பறிப்புக் கூலி பெருகுகிறது. வெப்பம் கூடி நிழல் குறையும் இடங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி பெருகி, பல ஆண்டுகள் வளர்த்த செடியைப் பிடுங்கி எரிக்கும் நிலையும் வருகிறது. வசதியுள்ள தோட்டங்கள் தெளிப்பு நீர் பாய்ச்சிச் சமாளிக்கலாம். ஓரிரு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்துக்கு அந்த வழி ஏது?

மழை பெய்யும்போதோ அளவின்றிக் கொட்டுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்த பிறகும், கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. ஒரு புயலைக் காட்டி, இது காலநிலை மாற்றத்தின் விளைவுதான் என்று அறுதியிட்டுவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல்.

இந்த வெப்பத்தை உண்டாக்கியவர்கள் யார்? தொழிற்புரட்சிக் காலம் முதல் இன்றுவரை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்து வெளியான கரியமில வாயுவில் சுமார் கால் பங்கு அமெரிக்காவினுடையது. ஐரோப்பிய நாடுகளின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு. உலக மக்களில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் வாழும் இந்தியாவின் பங்கு நான்கு விழுக்காட்டைத் தாண்டாது. இன்றும் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வெளியீடு சுமார் 2 டன். ஓர் அமெரிக்கரின் சராசரி சுமார் 14 டன். அந்த 2 டன் சராசரிக்குள்ளும் பெரும் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. குளிரூட்டிய மாளிகையில் இருப்பவரும் தகரக் கூரைப் பட்டறையில் நெருப்பின் முன் அமர்ந்து வெள்ளிக் கொலுசு செய்பவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகிறார்கள்.

செல்வந்த நாடுகள் வாக்குறுதிகளுக்குக் குறை வைத்ததில்லை. 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் வளரும் நாடுகளுக்குத் திரட்டித் தருவதாக 2009-இல் கோபன்ஹேகனில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் சொன்னார்கள்; அந்த அளவை எட்டியது 2022-இல்தான். அதிலும் அரசுகள் வழியாக வந்த பணத்தில் பெரும்பகுதி கடன். அடுத்த வீட்டுக்காரன் வைத்த தீயில் எரிந்த கூரையை வேய அவனிடமே வட்டிக்கு வாங்குவதை உதவி என்று எப்படி அழைப்பது? காலநிலை மாற்றத்தால் நேரும் இழப்பு, சேதங்களுக்கென 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மாநாட்டில் ஒப்புக்கொள்ளப்பட்ட நிதிக்கு, மறு ஆண்டு துபாயில் அறிவிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டாலர். அதில் அமெரிக்கா அறிவித்தது 1.75 கோடி மட்டுமே. 2022-இல் பாகிஸ்தானில் 3 கோடிக்கும் அதிகமான மக்களைப் பாதித்த ஒரே ஒரு வெள்ளத்தின் இழப்பே சுமார் 3,000 கோடி டாலர் என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வனுவாட்டு என்ற சின்னஞ்சிறு தீவு நாட்டின் முயற்சியால், காலநிலையைக் காக்கும் சட்டப்பூர்வக் கடமை நாடுகளுக்கு உண்டு என்றும், அதை மீறினால் இழப்பீடு தர வேண்டி வரலாம் என்றும் 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. இனி வரும் மாநாடுகளில் நம் அரசு கடனை ஏற்காமல், மானியத்தையும் இழப்பீட்டையும் உறுதியாகக் கேட்க வேண்டும்.

வெளியே நீதி கேட்கும் நாம் உள்ளேயும் அதைச் செய்தாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க வகை செய்தது பாராட்டுக்குரியது. ஆனால் உயிர் போகாமல் கூலி மட்டும் போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. கடும் வெப்ப எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் நலவாரியங்கள் வழியாகக் கூலி ஈடு தரவும், பூ மழை தவறும் ஆண்டுகளில் சேர்வராயன் மலையின் சிறு காப்பி விவசாயிகளுக்கு நிழல் மரங்கள் நடவும் செடிகளை மாற்றவும் மானியம் வழங்கவும் அரசு முன்வர வேண்டும். வரும் கோடைக்கு முன்பே இதற்கான அரசாணை வெளியாக வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோரிமேடு, சேலம்.