நிலநடுக்கமும் உலைக்குள் இருக்கும் குமிழிகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலநடுக்கமும் அணுஉலைகளும் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, கட்டடம் தாங்குமா, குழாய் உடையுமா என்ற கேள்விகளோடு நின்றுவிட்டது. குழாய் உடையாமல் இருக்கும்போதே அதனுள் ஓடும் நீரும் நீராவியும் என்ன ஆகின்றன என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

கொதிநீர் உலையில் சுமார் 70 பார் அழுத்தத்தில் (வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 70 மடங்கு), ஏறத்தாழ 286 டிகிரி செல்சியஸில், எரிபொருள் கோல்களின் இடையிலேயே நீர் கொதிக்கிறது. அந்த நீர் வெப்பத்தைச் சுமப்பதோடு நியூட்ரான்களின் வேகத்தையும் தணிக்கிறது; வேகம் தணிந்த நியூட்ரான்களே அணுப்பிளவைத் தொடரச் செய்வதால், குமிழிகள் பெருகினால் உலையின் திறன் இறங்கும். அவை சட்டெனக் குறைந்தால் ஏறும். அதிர்வு வரும்போது, கோலில் ஒட்டிய குமிழி முன்னதாகவே பிரியலாம், சிறு குமிழிகள் ஒன்றுசேரலாம், சுவரோரம் திரண்டவை நடுப்பகுதிக்கு நகரலாம். செங்குத்துக் குழாயில் காற்றையும் நீரையும் செலுத்தி, அக்குழாயைக் குலுக்கிப் பார்க்கும் ஆய்வுகள் இவற்றைத்தான் அளக்கின்றன. பாய்வு மெதுவாக இருக்கையில் அதிர்வின் விளைவு தெளிவாகத் தெரிகிறது. வேகம் கூடினால் பாய்வின் சொந்தக் கொந்தளிப்பில் அது அமிழ்ந்துவிடுகிறது. ஆனால், உலையின் அழுத்தத்தில் நீராவி, நாம் சுவாசிக்கும் காற்றைவிட ஏறத்தாழ 30 மடங்கு அடர்த்தியானது; நீரின் பரப்பு இழுவிசையோ அறைவெப்பத்தில் உள்ளதில் கால் பங்குதான். எனவே சோதனைக் குழாயில் கண்டதை அப்படியே உலைக்குப் பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

நிலம் அதிர்ந்தால் உலை தானாகவே நின்றுவிடுமே என்று சிலர் கேட்கலாம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாயிச்சி அணுமின் நிலையத்தில் இயங்கிய 3 உலைகளும் அவ்வாறே நின்றன. எனினும், நிறுத்தும் வரம்பை எட்டாத அதிர்வில் உலை தொடர்ந்து இயங்கிக்கொண்டிருக்கும் என்பதால், குமிழிகளைப் பற்றிய கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது.

இந்த உறவு எதிர்த்திசையிலும் செல்லும்: குமிழிகளும் அதிர்வை உண்டாக்கும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் (அது கொதிநீர் உலை அன்று, உயர் அழுத்தத்தால் நீரைக் கொதிக்கவிடாமல் வைக்கும் அழுத்தநீர் உலை) குளிர்விக்கும் நீரில் நீராவி கலந்தபோது முதன்மைப் பம்புகள் கடுமையாக அதிர்ந்தன. அவை சேதமாகிவிடும் என்று அஞ்சிய இயக்குநர்கள், விபத்து தொடங்கி சுமார் 1 மணி 40 நிமிடங்களுக்குள் நான்கையும் நிறுத்தினர். எரிபொருள் உருகியது அதற்குப் பிறகுதான். குழாய்களுக்குள் நீர் குறைந்து நீராவி பெருகுகிறது என்பதை அந்த அதிர்வே அறிவித்துக்கொண்டிருந்தது. அதைப் பம்பின் கோளாறாக மட்டுமே அவர்கள் எடுத்துக்கொண்டனர்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்