அடுப்பை வாங்குமுன் புகைபோக்கியைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

வரவேற்பறையைச் சூடாக்க, அங்கே சுவரில் உள்ள பழைய கணப்பினுள் (நெருப்பு மூட்டும் மாடத்தினுள்) வார்ப்பிரும்பு விறகடுப்பு ஒன்றைப் பொருத்தப் போவதாக எழுதியிருந்தாய், படங்களையும் பார்த்தேன். முடிவு சரியானதே. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் மட்டுமே அறைக்குக் கிடைக்கும். மிச்சம் புகையோடு மேலே போய்விடுவதல்லாமல், அறையில் ஏற்கெனவே சூடாகியிருந்த காற்றையும் அந்த நெருப்பு இழுத்துக்கொண்டு போகும். அதை ஈடுகட்டச் சன்னல் இடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே வரும். மூடிய அடுப்பில் காற்றின் அளவு நம் கையில் இருப்பதால், நல்ல அடுப்பாக இருந்தால் 70 சதவீதத்துக்கு மேல் பயன் பெறலாம்.

ஆனால் உன் கடிதம் முழுவதும் அடுப்பின் நிறமும் கதவின் அழகும்தான் இருக்கின்றன. புகைபோக்கியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கொதிகலன்களோடு வேலைக்காலம் முழுவதையும் கழித்த எனக்கு அது உறுத்துகிறது. அடுப்பில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாவது புகைபோக்கிக்குச் செலவு செய் என்பேன்.

திறந்த கணப்புக்கென்று கட்டிய புகைபோக்கி மிக அகலமானது. அடுப்பிலிருந்து வரும் குறைந்த அளவுப் புகை, அந்த அகன்ற குளிர்ந்த செங்கல் வழியில் மெல்ல ஏறும்போது பாதியிலேயே குளிர்ந்து, ஈரமும் தாருமாகச் சுவரில் படிந்துவிடும். கிரியோசோட் எனப்படும் இந்தப் படிவு ஒருநாள் தீப்பற்றினால், செங்கற்களுக்கு இடையிலுள்ள விரிசல்கள் வழியே நெருப்பு வீட்டின் மரச்சட்டங்களுக்குத் தாவக்கூடும். ஆகவே முதலில் புகைபோக்கியைச் சுத்தம் செய்யச் சொல்லி, கேமரா இறக்கிப் பார்க்கச் செய். பிறகு அடுப்பிலிருந்து உச்சி வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாயை இறக்கு. அதன் விட்டம் அடுப்பின் புகைவாயைவிடக் குறையக் கூடாது. பெரும்பாலான வீட்டு அடுப்புகளுக்கு அது 150 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். குழாயைச் சுற்றி வெப்பக்காப்பும் வேண்டும். கணப்பின் மேல்வாயில் குழாய் நுழையும் இடம் போக மற்றதை உலோகத் தகட்டால் அடைத்துவிட வேண்டும். வீண்செலவு என்று சிலர் இதை விட்டுவிடுவார்கள், பிறகு அறை சூடாகவில்லை என்று அடுப்பைத் திட்டுவார்கள்.

படத்தில் உள்ள அடுப்பு உன் அறைக்குப் பெரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. சுமாரான வெப்பக்காப்புள்ள அறையில் 14 கன மீட்டருக்கு 1 கிலோவாட் வெப்பம் என்பது உத்தேசக் கணக்கு; அப்படியானால் 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள அறைக்கு 4 கிலோவாட்டே போதும். பெரிய அடுப்பை வாங்கினால், சூடு தாங்காமல் நீ காற்றுவழியை அடைப்பாய். விறகு எரியாமல் புகைந்து, கண்ணாடி கறுத்து, மேலே சொன்ன தாரும் வேகமாகச் சேரும். ஈர விறகும் இதே கேட்டைச் செய்யும் என்பதால், பிளந்த விறகை ஓராண்டோ இரண்டாண்டோ காற்றோட்டமுள்ள கூரையின்கீழ் உலர்த்தி, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகே எரிக்க வேண்டும். புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்; வெளிப்பக்கம் எப்போதும் காய்ந்ததாகவே காட்டும்.

கணப்பின் மேலுள்ள மர உத்தரத்துக்கும் அடுப்புக்கும் இடையே கையேட்டில் சொல்லியுள்ள இடைவெளி இருக்கிறதா என்று அளந்து பார். அதே அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் மாட்டு. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயுவை மூக்கு காட்டிக்கொடுக்காது. புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது துடைக்க ஆள் வர வேண்டும்.

முன்பணம் எதுவும் கொடுப்பதற்கு முன்பு, கணப்பின் அகலம், உயரம், ஆழம், அறையின் அளவு, புகைபோக்கியின் உயரம் ஆகியவற்றை எழுதி அனுப்பு. எந்த அளவு அடுப்பு பொருந்தும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா